மூலையை மறைக்க ஒரு செடி

பீர்க்கன்கரணை
25-1-88

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ஜெயக்கொடி எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

பொங்கலுக்கு உன் வீட்டில் ராணி மாதிரி இருந்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து வேலை ஓயவில்லை. இப்போது உன்னிடம் ஓர் உதவி. கடலூரில் உன் வாசலில் நிற்காத செடி இல்லை. அதனால் உன்னைத்தான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு சுவரும் சேர்கிற மூலை உனக்குத் தெரியும். அந்த மூலையைக் குறுக்கே மறித்த மாதிரி ஒரே ஒரு வரிசை செடி வைக்க வேண்டும். இடம் சின்னது, ஒரு கட்டில் நீளம்தான் இருக்கும். செடி ஆள் உயரம் வர வேண்டும். அடியிலிருந்தே அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒரு தடவை வைத்தால் வருஷக் கணக்கில் நிற்க வேண்டும். கோடையில் காய்ந்து மண்ணோடு போய்விடக் கூடாது. வேர் விட்டுப் பக்கத்தில் ஓடவும் கூடாது. ஆடி மாசத்துக்குள் வளர்ந்துவிட வேண்டும்.

மூலை வெறிச்சென்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை. சீக்கிரம் பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஜெயக்கொடி

*

கடலூர்
3-2-88

அன்புத் தங்கை ஜெயக்கொடிக்கு,

அக்கா தையல்நாயகியின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். மூட்டுவலியும் சுகமாக இருக்கிறது, என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை கண்டிஷன் போட மாட்டார்கள் என்று சிரித்தார். உயரமாக இருக்க வேண்டும், அடக்கமாக இருக்க வேண்டும், சொன்ன இடத்தை விட்டு நகரக் கூடாது, ஆயுசுக்கும் இருக்க வேண்டும்!

கேட்டுக்கொள். கல்வாழை பக்கம் போகாதே. பார்க்க ஜோராக இருக்கும், சீக்கிரம் வளரும். ஆனால் மண்ணுக்கு அடியில் நடந்துகொண்டே இருக்கும், அடுத்த வருஷம் உன் சமையலறை வாசலில் வந்து நிற்கும். செம்பருத்தி நல்ல பிள்ளைதான், ஆனால் மேலே குடை பிடித்துக்கொண்டு கீழே காலைக் காட்டும். அரளியின் பால் விஷம், நாளைக்குக் குழந்தை குட்டி வரப்போகிற வீட்டுக்கு வேண்டாம். சம்பங்கி பூக்கும்போது மட்டும்தான் உயரம். தாழை வைத்தால் பாம்பு வரும் என்று நீயே அலறுவாய்.

நான் சொல்வது வெட்டிவேர். கட்டு கட்டாக நட்டால் அதே இடத்தில் தூர் கட்டி நிற்கும். வேர் நேரே கீழே இறங்குமே தவிர, பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காது. மேலே புல் தாள் நம் தலைக்கு மேல் போகும். சுவர் ஓரமாக ஆடாதொடைக் குச்சிகளையும் ஊன்றி வை, ஆடுகூட வாய் வைக்காது.

இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். அந்த மூலையில் புற்று இருந்ததே. கிரகப் பிரவேசத்துக்கு வந்தபோது மஞ்சளும் குங்குமமுமாகப் பார்த்தேன். இடுப்பு உயரப் புற்று இருக்கிற மூலை எப்படி வெறிச்சென்று இருக்கும்?

பதில் உடனே போடு. அவரையும் விசாரித்ததாகச் சொல்.

தையல்நாயகி

*

பீர்க்கன்கரணை
12-3-88

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதித்ததற்குக் கோபிக்காதே. எழுத உட்கார்ந்து இரண்டு இன்லண்ட் லெட்டரைக் கிழித்துப் போட்டேன்.

முதலில் நல்ல சேதி. தள்ளிப் போயிருக்கிறது. டாக்டரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். போன தடவை மாதிரி கலைந்துவிடுமோ என்று வாய்விட்டுச் சொல்லவே பயமாக இருக்கிறது, அதனால் வேறு யாருக்கும் எழுதவில்லை.

புற்று இப்போது இல்லை அக்கா. நான் உன் வீட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஆள் வைத்து இடித்துவிட்டார். கடப்பாரை போட்டு, மண்ணை அள்ளிவிட்டு, தரையோடு தரையாக்கித் தண்ணீர் ஊற்றி மிதித்திருக்கிறார்கள். "வெறும் மண்ணு ஜெயா. கரையான் கட்டின வீடு. அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே" என்றார். போன ஐப்பசியில் எனக்கு அப்படி ஆன பிறகு, துணி துவைக்கிற கல்மேல் பாம்புச் சட்டை கிடந்ததே, அன்றிலிருந்தே அவர் அந்த மூலையை முறைத்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே பாம்பு இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எங்களுக்கு இந்த மனையை விற்றது சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற செல்லியம்மாள் குடும்பம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து விவசாயம் பார்த்தவர்கள். கிரயம் பேசும்போது அவள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "மூலையில கீற புத்து மட்டும் எங்களுது. ஆடி வெள்ளிக்கு நாங்க பொம்பளைங்க வந்து பால் ஊத்திகினு பூடுவோம். அத்தத் தொடாதீங்க சார்." இவர் தலையை ஆட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

இப்போதைக்கு மூலையை மறைத்து ஒரு பழைய தட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆடிக்குள் செடி வளர்ந்துவிட்டால், புற்று பின்னால் இருக்கிறது என்று நினைத்துச் செடிக்கு முன்னாலேயே பாலை ஊற்றிவிட்டுப் போவார்கள். புற்று இருக்கிற இடத்தில் செடியை விலக்கிக்கொண்டு யார் கை விடுவார்கள்?

நீ வேண்டாம் என்று சொன்ன கல்வாழையைத்தான் அவசரத்துக்கு வைத்தேன். அது அதற்குள் இரண்டு இடத்தில் வெளியே முளைத்துவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

ஒரு பாவமும் செய்யாத குழந்தைமேல் இந்தப் பழி விழுமா அக்கா? நீ படித்தவள், சொல்லு. மாமாவுக்கு என் வணக்கம்.

ஜெயக்கொடி

*

கடலூர்
20-3-88

என் கண்ணுக்கு,

சேதி படித்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. வளைகாப்பு, ஆரவாரம் எதுவும் இந்தத் தடவை வேண்டாம். பிரசவத்துக்கு நான் வந்து இருக்கிறேன். அம்மா இல்லாத குறை உனக்கு இருக்கக் கூடாது.

பழி கிழி என்று உளறாதே. கரையான் கட்டியதைக் கடப்பாரை இடித்தது. அவ்வளவுதான். சொன்ன சொல்லைத் தம்பி மீறியது தப்பு, அது வேறு கணக்கு. அதற்கும் உன் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை. நான் சொல்கிறேன், நம்பு.

வெட்டிவேர் நாற்றும் ஆடாதொடைக் குச்சியும் ஈரச் சாக்கில் கட்டி மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆபீஸ் வேலையாகச் சென்னை வருகிறார். ஒரு முழத்துக்கு இரண்டு தூர் என்று நெருக்கி நடச் சொல். நீ குனியாதே. வேர் பிடிக்கிறவரை தினமும் தண்ணீர், அப்புறம் தானே பார்த்துக்கொள்ளும்.

அடிக்கடி எழுது. நீ எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அக்கா

*

பீர்க்கன்கரணை
2-6-88

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். குழந்தை அசைகிறது. அங்கே வெயில் எப்படி?

வெட்டிவேர் என் தோள்வரை வந்துவிட்டது. நீ சொன்னபடியே அடக்கமான செடி, ஒரு தாள்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. ஆடாதொடைதான் இன்னும் இடுப்பளவு. அவர் மறைமலை நகரிலிருந்து ஷிப்ட் முடித்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போய்த் தண்ணீர் ஊற்றுகிறார். மண்ணு மண்ணு என்று சொன்ன மனுஷனுக்குச் செடிமேல் இத்தனை ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நேற்று செல்லியம்மாள் மாட்டைக் கட்டிவிட்டுச் சுவரோரம் வந்து நின்றாள். எங்கள் சுவர்தான் மார்பளவு ஆயிற்றே.

"இன்னா ஜெயா, புத்தாண்ட புல்லு வச்சிகினு கீறே?"

"வெட்டிவேர்க்கா. வாசனைக்கு."

"நல்லா வையி. குளுந்தாப்பல இருக்கட்டும்." அப்புறம் என் வயிற்றையே பார்த்தாள். "வயித்தப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எந்த அர்த்தத்தில் சொன்னாள் அக்கா? அக்கறையா, எச்சரிக்கையா? உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்தால் சாபம் விடுவாள். நிறைமாசக்காரிக்கு விடுகிற சாபம் எங்கே போய் விழும் என்று உனக்கே தெரியும்.

பதில் போடு.

ஜெயக்கொடி

*

கடலூர்
13-6-88

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நீ இன்னும் நிறைமாசக்காரி ஆகவில்லை, அதற்குள் ஏன் அவசரம்? "வயித்தப் பாத்துக்கோ" என்றால் வயிற்றைப் பார்த்துக்கொள் என்றுதான் அர்த்தம். தினமும் மோர் குடி.

வெட்டிவேரின் நுனியை ஒரு பிடி கத்தரித்து விடச் சொல். அடியில் இன்னும் அடர்த்தியாகத் தூர் வெடிக்கும். ஆடிக்குச் சரியாக இருக்கும்.

தைரியமாக இரு.

அக்கா

பி.கு.: நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, நான் வெள்ளிக்கிழமைதோறும் இங்கே ஏரிக்கரைப் புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறேன். மாமாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நீயும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

*

பீர்க்கன்கரணை
25-7-88

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆசியில் நானும் குழந்தையும் சுகம்.

ஆடி முதல் வெள்ளி போயிற்று. செல்லியம்மாளோடு அவள் சொந்தக்காரப் பெண்கள் குடம், சொம்பு, மஞ்சள், முட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஈரப் புடவை. நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார், ஆனால் வெளியே வரவில்லை.

"செடி அடர்த்தியாயிடுச்சுக்கா, உள்ள போகாதீங்க, இப்படியே ஊத்திடுங்க" என்றேன். ஒருத்தியும் மறுபேச்சுப் பேசவில்லை. செடிக்கு முன்னால் கோலம் போட்டு, வெட்டிவேர் தூருக்கு மஞ்சள் பூசி, வரிசையாகப் பாலை ஊற்றினார்கள். வெறும் தரையில் அக்கா! அத்தனை பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டது வெறும் தரையை. செல்லியம்மாள் என் கையில் சொம்பைக் கொடுத்து, "நீயும் ஊத்து ஜெயா, நல்லா வேண்டிக்கினு ஊத்து" என்றாள். ஊற்றினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தெரியாமல் போகட்டும், தெரியாமல் போகட்டும் என்றுதான் வேண்டினேன்.

அவர்கள் போன பிறகு எறும்பு மொய்த்துவிட்டது. இன்னும் மூன்று வெள்ளி இருக்கிறது. எப்படிக் கடத்துவேன்?

ஜெயக்கொடி

*

கடலூர்
2-9-88

அன்புத் தங்கைக்கு,

ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட இரண்டு கடிதமும் வந்ததா? உடம்பு எப்படி? கால் வீக்கம் உண்டா? ஒரு கார்டில் "சுகம்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும். மாமா நேரில் வந்து பார்க்கிறேன் என்கிறார்.

அக்கா

*

பீர்க்கன்கரணை
20-9-88

அக்கா,

சுகம். கால் வீக்கம் கொஞ்சம் உண்டு. உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எழுதத் தைரியம் வரவில்லை.

இங்கே சாயங்காலமானால் மழை. போன மாசம் ஒரு நாள் ஆடாதொடை இலை பறிக்கப் போனேன், அவருக்கு இருமல். தாளை விலக்கிப் பார்த்தேன். சுவரோரம் ஈரச் செம்மண்ணாக முழங்கால் உயரத்துக்குப் புற்று எழும்பியிருக்கிறது. கண்ணு கண்ணாக வாய். பழைய இடத்திலேயேதான் அக்கா, ஒரு சாண் தள்ளிக்கூட இல்லை.

வாய்விட்டுக் கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் அவர் ஓடி வருவார், பார்ப்பார். பார்த்தால் மறுபடியும் கடப்பாரையைத் தூக்குவார். ஒரு தடவை இடித்ததற்கே நான் இந்தப் பாடு படுகிறேன். குழந்தை பிறக்கப்போகிற நேரத்தில் இன்னொரு தடவை இடித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. அதனால் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். தண்ணீர் ஊற்றுகிறவர் தாளை விலக்கிப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். செல்லியம்மாளுக்குத் தெரியாமல் மறைக்க வைத்த செடி, இப்போது என் புருஷனுக்குத் தெரியாமல் மறைக்கிறது.

அதற்குள் பாம்பு குடிவந்திருக்குமா? தெரியவில்லை. பின் கதவை எப்போதும் சாத்தியே வைக்கிறேன். குழந்தையை இந்த வீட்டில்தானே கொண்டுவந்து போட வேண்டும்.

வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாதபடி இன்னொரு வரிசை வைக்கலாமா? எது சீக்கிரம் வளரும்? அவரிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

ஜெயக்கொடி

*

பீர்க்கன்கரணை
26-9-88

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

குப்புராஜ் வணக்கம். அங்கு அனைவரின் நலத்துக்கும் வேண்டுகிறேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியதில்லை. இதைக் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜெயாவுக்குத் தெரியாமல் ஒரு யோசனை கேட்க வேண்டும். தை மாதம் நான் இடித்த புற்று மறுபடி வந்துவிட்டது. ஆவணியிலேயே பார்த்துவிட்டேன். தினமும் தண்ணீர் ஊற்றப் போவதே அதைப் பார்க்கத்தான். அவள் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்றுதான் அந்த வேலையை நானே செய்கிறேன்.

அன்றைக்கு உள்ளே பாம்பு இருந்தது அக்கா. அவளிடம் இல்லை என்று சொன்னேன். முதல் அடி விழுந்ததும் வெளியே வந்தது. ஓடவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு சுவர் ஓட்டை வழியாக ஏரிப் பக்கம் போய்விட்டது. யூனியன் மேடையில் சாமியில்லை பூதமில்லை என்று பேசுகிறவன் நான். அன்றிலிருந்து சாப்பாடு ருசிக்கவில்லை. மறுபடி இடிக்க எனக்குக் கையில் பலம் இல்லை. இடிக்காமல் விட்டால் பிள்ளை பிறந்து வரும் வீடு. இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது.

அவள் பார்த்தால் அந்த அதிர்ச்சியிலேயே ஏதாவது ஆகிவிடும். ஒரு தடவை அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தது போதும். வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாதபடி, சீக்கிரம் வளர்கிற உயரமான செடி வேறு ஏதாவது இருந்தால் எழுதவும். கம்பெனி விலாசத்துக்கே எழுதவும்.

தங்கள் அன்புள்ள,
குப்புராஜ்

*

கடலூர்
3-10-88

அன்புள்ள ஜெயக்கொடிக்கும் தம்பி குப்புராஜுக்கும்,

இந்தக் கவரை யார் முதலில் பிரித்தாலும், அடுத்தவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படிக்கவும். ஜெயா, நீ நாற்காலியில் உட்கார். தரையில் வேண்டாம்.

நீங்கள் தனித்தனியாக எனக்கு எழுதிய கடிதங்களை இதோடு வைத்திருக்கிறேன். மாற்றிக் கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். சொல்லாதே என்று இருவருமே கேட்டீர்கள். சொல்ல மாட்டேன் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை.

உயரமான செடி எது, அடக்கமான செடி எது என்று கேட்டால் சொல்வேன். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நடுகிற செடி எது என்று எனக்குத் தெரியாது.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு இரண்டு நாள் வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட மறந்துவிட்டேன். என் தங்கை அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் எப்படி எழுந்து நடமாடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மறைத்து வைக்க வைக்கத்தான் பயம் பெரிதாகிறது. வெட்டிவேரை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிடுங்கள். அது ஒன்றும் செத்துவிடாது. அங்கே என்ன அசைகிறது என்று கண்ணுக்குத் தெரியட்டும். கையில் ஒரு கம்பில்லாமல் பக்கத்தில் போகாதே தம்பி. சுவர் ஓட்டையை அடைக்காதே, அதற்கு ஒரு வழி இருக்கட்டும்.

அப்புறம், அந்த அம்மாளிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். குழந்தை பிறப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். இரண்டு பேருமாகப் போங்கள்.

உங்கள் அக்கா

*

பீர்க்கன்கரணை
12-10-88

என் அக்காவுக்கு,

நான் சுகம். அவரும் சுகம். இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறோம், எழுத்து மட்டும் என்னுடையது.

உன் கவரை அவர்தான் பிரித்தார். படித்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்திவிட்டார். நான் வாங்கிப் படித்தேன். பாம்பு நின்று பார்த்தது என்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. கேட்கக் கூடாத நேரத்தில் ஒன்று கேட்டேன். "மறுபடி கடப்பாரையைத் தூக்குவீங்கன்னு நான் பயந்தேன், நீங்க எதுக்குப் பயந்தீங்க?" என்றேன். "உனக்குத்தான்" என்றார்.

மறுநாளே தாளை அறுத்துவிட்டார். புற்று வெளியே தெரிகிறது. இதுவரை ஒன்றும் கண்ணில் படவில்லை. படாமலிருப்பதும் பயமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை செல்லியம்மாள் வீட்டுக்குப் போனோம். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியும்மே. தை மாசமே தெரியும். உன் ஊட்டுக்காரரு கூட்டியாந்த ஆளு, இடிச்ச மண்ண எங்க கொட்டினான்னு நெனைக்கிறே? எங்க மாட்டுக் கொட்டா பின்னாலதான். புத்து மண்ணு எனக்குத் தெரியாதா?"

அவளே என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"பின்ன ஏன்க்கா ஆடியில வந்து வெறுந்தரையில பால ஊத்தினீங்க?"

"நீ முழுவாம கீறே. போன தபா உனக்கு ஆனது தெருவுக்கே தெரியும். நான் வந்து கேட்டா நீ பயந்துக்குவே. பயந்தா தங்குமா? அதான் அத்தினி பேராண்டயும், வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி இட்டாந்தேன். நாங்க புத்துக்கா ஊத்தினோம்? உன் வயித்துக்கு ஊத்தினோம்." அப்புறம் இவர் பக்கம் திரும்பினாள். "சார், அதுக்காவ உட்டுட்டேன்னு நெனைக்காதே. கொடுத்த வாக்கத் தப்பினது தப்புதான். புள்ள பொறக்கட்டும், உன்னைத் தனியா வச்சிப் பேசிக்கிறேன்."

இவர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை நிஜமாகவே ஆட்டினார்.

ஆடி நாலு வெள்ளியும் நான் அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு எனக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அழுகை வருகிறது.

டாக்டரம்மா இன்னும் பத்துப் பதினைந்து நாள் என்கிறார். பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். புற்றைப் பார்த்தால் பயம், பார்க்காவிட்டால் பயம், வலி வருமோ என்று பயம், வராதோ என்று பயம். இவருக்கும் அப்படித்தானாம், எழுதச் சொல்கிறார். செல்லியம்மாள் தினமும் ஒரு தடவை வந்து கொல்லைப் பக்கம் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டுப் போகிறாள்.

செடி எதுவும் கொண்டுவராதே. நீ மட்டும் வா. கடலூரிலிருந்து காலை பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் தாம்பரம் வந்துவிடலாம், அவர் வந்து நிற்பார். சீக்கிரம் வா அக்கா.

உன் தங்கை,
ஜெயக்கொடி